தனவேல் பெயருக்கு யார் பதில் சொல்வது

முகத்தைக் காட்டினால் சுரங்கத்து கேட் திறந்துகொள்கிறதாம் இப்போது. போன மாதம் ஒரு பாதுகாப்பு விழாவுக்கு ஓய்வு பெற்றவர்களையும் அழைத்துச் சால்வை போட்டார்கள். அங்கேதான் ஓர் இளம் இன்ஜினியர் அந்த மெஷினைக் காட்டினார். நல்ல பிள்ளை. "உங்க காலத்துல உள்ள யார் இருக்காங்க, யார் வெளிய வந்தாங்கன்னு எப்படி சார் தெரிஞ்சுக்குவீங்க?" என்று கேட்டார். பேர் சொல்லிக் கூப்பிடுவோம், பதில் வரும் என்றேன். சிரித்துவிட்டார். ஏளனம் ஒன்றுமில்லை, சிறு வயசு, சிரித்தார், அவ்வளவுதான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. "இந்த வயசுல இன்னும் என்ன கோவம்" என்று என் மனைவி அதட்டினாள். கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். ஐ.டி.ஐ. முடித்த கையோடு நெய்வேலிக்கு அப்ரண்டிஸாக வந்தேன். ஆரம்ப வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கிரீஸ் துடைத்தேன், திட்டு வாங்கினேன், பெர்மனென்ட் ஆனேன், குவார்ட்டர்ஸ் கிடைத்தது, கல்யாணம் ஆனது. எழுபதுகளின் கடைசியில் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டராக இருந்தேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் சுரங்கம் குகை இல்லை, வானம் பார்த்த பெரிய பள்ளம். அடியில் வெட்டும் லிக்னைட்டை, அதாவது பழுப்பு நிலக்கரியை, மேலே தெர்மல் மின்நிலையத்துக்குக் கொண்டுபோவது ரப்பர் பெல்ட். ஓடுகிற பெல்ட்டிலிருந்து லிக்னைட் சிந்திக்கொண்டே இருக்கும். மழை வந்தால் அது மண்ணோடு குழைந்து களிச்சேறாகி, பெல்ட்டுக்கு அடியில் மலையாகக் குவியும். அள்ளாவிட்டால் உருளைகள் சிக்கும், பெல்ட் கிழியும், தீப்பிடிக்கும். அந்தச் சேற்றை மண்வெட்டியால் அள்ளுவது காண்ட்ராக்ட் ஆட்களின் வேலை.

எங்கள் ஃபோர்மேன் சுப்பராயன், பொள்ளாச்சிக்காரர். அவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. சந்தோஷமாக இருந்தால் "வாப்பா, போப்பா" என்பார். கோபம் ஏற ஏற மரியாதை கூடும். "ஏனுங்க, கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிட்டால் அன்றைக்கு உனக்கு மெமோ என்று அர்த்தம். சாமி கும்பிட்டு நான் பார்த்ததில்லை, சினிமாவுக்குப் போனதாகவும் கேள்விப்பட்டதில்லை. அவருக்கு ஒரே பக்தி, பெல்ட் கிளப்புவதற்கு முன் செய்யவேண்டிய முறைமீதுதான்.

அந்த முறையைச் சொல்லிவிடுகிறேன். பெல்ட்டை நிறுத்தி அடியில் ஆள் இறங்குவதற்கு முன், என் கேபினில் பெல்ட்டை ஓட்டும் பேனலின் சாவியை உருவி அவர் கையில் கொடுக்கவேண்டும். அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வார். இறங்குகிற ஒவ்வொருவனும் தன் டோக்கனை, சின்னத் தகர வில்லை, அவரிடம் கொடுத்துவிட்டு இறங்கவேண்டும். வேலை முடிந்ததும் எல்லாரும் நடைபாதையில் ஏறி வரிசையாக நிற்கவேண்டும். டோக்கனில் இருப்பது நம்பர்தான். ஆனால் அவர் நம்பரைக் கூப்பிட மாட்டார். காலையிலேயே காண்ட்ராக்டரின் மேஸ்திரியிடம் பேரைக் கேட்டு மனப்பாடம் பண்ணி வைத்திருப்பார். கூப்பிட்டவன் கை தூக்கினால் போதாது, குரல் வரவேண்டும். "கை யாரு வேணும்னாலும் தூக்கலாம்பா, குரல்தான் ஆளு" என்பார். கடைசிக் குரலும் வந்தபிறகு சாவி என்னிடம் திரும்பும். பிறகு சைரன், சற்று இடைவெளி, இரண்டாவது சைரன், அப்புறம்தான் பட்டன்.

காண்ட்ராக்ட் ஆட்களின் முகம் அவருக்குத் தெரியாது. எந்த அதிகாரிக்கும் தெரியாது. கோணிச்சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்து, லிக்னைட் கரி அப்பிக்கொண்டு வரிசையில் நின்றால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. அதனால்தான் குரலை நம்பினார்.

நான் சொல்லப்போகும் வருஷம் மோசமான வருஷம். அதற்கு முந்தைய வருஷம் மழை ஏமாற்றி, சுற்றுப்பக்கத்தில் மணிலாக் கடலையும் போய், முந்திரியும் பூவோடு கருகிப்போனது. பண்ருட்டி முந்திரிக் கொட்டகைகளில் பெண்களுக்கு வேலை இல்லை. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள், கொடுக்காதவர்கள், எல்லாரும் விடியுமுன்னே காண்ட்ராக்டரின் ஷெட் வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே போகிறவர்களைவிட வாசலில் நிற்கிற கூட்டம் பெரிது. ஒருவன் ஒரு நாள் வரவில்லையென்றால் மேஸ்திரி அவன் டோக்கனை வாசலில் நிற்கிற இன்னொருவனிடம் கொடுத்துவிடுவார். போன டோக்கன் போனதுதான். தொடர்ந்து வருகிறவர்களை ஒருநாள் பெர்மனென்ட் ஆக்குவார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு காய்ச்சலோடும் வந்தார்கள், வயிற்றுப்போக்கோடும் வந்தார்கள்.

தனவேல் காமாலையோடு வந்தான். கழனியும் கிணறும் சுரங்கத்துக்குள் போய்விட்ட குடும்பம். பக்கத்து மந்தாரக்குப்பத்தில் ஒரு கூரைவீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். பெல்ட் ஓரத்தில் அவன் குந்திக்கொண்டு வாந்தி எடுத்ததை நான்தான் பார்த்தேன். கண் மஞ்சளாகக் கிடந்தது. வீட்டுக்குப் போய்ப் படு என்றேன். பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டான். மேஸ்திரியிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினான்.

எங்களுக்கு ஒரு ஜெபக்கூட்டம் இருந்தது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம். வாரம் ஒரு வீட்டில் கூடுவோம். எங்கள் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள். பிடி அரிசி என்போம். ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கம். ஊரில் அது சபைக்குப் போகும். இந்த வருஷம் அப்படியே மந்தாரக்குப்பத்துக்குக் கொண்டுபோவது என்று தீர்மானம் செய்திருந்தோம். தனவேல் வீட்டுக்கும் கொண்டுபோனோம். அவன் மனைவி வாங்கிக்கொண்டாள். வாங்கிவிட்டு அவள் சொன்னது எங்களை உட்காரவிடவில்லை.

"அரிசி குடுத்துட்டீங்கண்ணே, ரொம்ப சந்தோஷம். ஆனா நாளைக்கி இவரு போவலன்னா டோக்கனு பூடும். அத்த யாரு குடுப்பா?"

திரும்பி வரும் வழியில் தேவசகாயம் சைக்கிளை மெதுவாக மிதித்துக்கொண்டு வந்தார். தேவசகாயம் அண்ணன்தான் எங்கள் கூட்டத்துக்கு மூத்தவர். சென்ட்ரல் ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். ஆறடிக்கு மேல் உயரம், கதவு நிலையில் குனியாமல் நுழைந்து பார்த்ததில்லை. நாசரேத் பக்கத்து ஆள். ஜெபம் செய்ய ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "மேஸ்திரிக்கு வேண்டியது தலைதானடே? தலை எதுவா இருந்தா அவனுக்கு என்ன? நாளைக்கு எனக்கு வாரலீவு. நான் போறேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெர்மனென்ட் ஆள், வேறொரு ஆளின் டோக்கனில் சுரங்கத்துக்குள் இறங்குவதா? தெரிந்தால் வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும். சொன்னேன். "போட்டும். அவனுக்குப் போகலியா?" என்றார். மனுஷனோடு வாதாட முடியாது. மேஸ்திரியும் ஒத்துக்கொண்டார், எண்ணிக்கை சரியாக இருந்தால் அவருக்குப் போதும். இப்படி ஆரம்பித்தது. தெர்மலில் இரண்டு பேர், உர ஃபாக்டரியில் ஒருவர், தேவசகாயம் அண்ணன், நால்வரும் அவரவர் வாரலீவில், நைட் ஷிஃப்ட் முடிந்த பகலில், மாற்றி மாற்றி 'தனவேல்' ஆனார்கள். கூலி வெள்ளிக்கிழமை அவன் மனைவி கைக்குப் போனது. தனவேல் கீழாநெல்லி குடித்துக்கொண்டு பாயில் கிடந்தான்.

நான் போக முடியாது. என் முகம் ஃபோர்மேனுக்குத் தெரியும். என் பங்கு, கேபினில் உட்கார்ந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது. கேட்க லேசாக இருக்கிறது. சுப்பராயன் எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "தனவேல்" என்று கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் பேனலில் எதையோ பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

மற்ற மூவரும் "இருக்கேங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணனிடம்தான் சிக்கல். வேலை செய்வாராம், சேற்றை அள்ளுவாராம், ஆனால் தனவேல் என்று கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டாராம். அது பொய்யாம். தலையில் அடித்துக்கொண்டேன். டோக்கனைக் கொடுத்தபோதே பொய் சொல்லியாகிவிட்டதே என்றேன். "நான் டோக்கனைக் கொடுத்தேன், ஃபோர்மேன் வாங்கினார். நான் வாயைத் திறக்கலை. என் வாயால பொய் வராது" என்றார். அதற்கு வழி கண்டுபிடித்தவன் கலியமூர்த்தி. தனவேலுக்குப் பங்காளி, அதே கேங்கில் வேலை. அண்ணன் வருகிற நாளில் இரண்டு பேருக்கும் அவனே குரல் கொடுத்துவிடுவான். தன் பெயருக்குத் தன் குரலில் ஒன்று. தனவேல் பெயருக்குத் தொண்டையை நெரித்துக்கொண்டு மெல்லிசாக ஒன்று. கேபின் வாசலில் நின்று கேட்கிற எனக்குச் சிரிப்பு வரும், பயமும் வரும். சுப்பராயனுக்குச் சந்தேகம் வரவில்லை. அவர் குரலை நம்புகிற ஆள்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. முந்தைய வருஷக் கடனையும் சேர்த்துக் கொட்டியது. பள்ளத்தின் சரிவுகளிலிருந்து சேறு வழிந்து, பெல்ட் சுற்றித் திரும்புகிற கடைசி டிரம்முக்கு அடியில் போய் அடைத்தது. அன்று பகல் ஷிஃப்ட். பெல்ட்டை நிறுத்தி, சாவியை உருவிக் கொடுத்தேன். கேங் இறங்கியது. அண்ணன் அன்று தனவேல். டோக்கனைக் கொடுக்கும்போது என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அள்ள அள்ளச் சேறு வந்து நிரம்பியது. மேலே தெர்மலில் லிக்னைட் இருப்பு இறங்கிக்கொண்டிருந்தது. கன்ட்ரோல் ரூமிலிருந்து போன்மேல் போன். எப்போது ஓட்டுவீர்கள், என்ன செய்கிறீர்கள், பெரிய அதிகாரி கேட்கிறார். சுப்பராயன் ஒவ்வொரு போனுக்கும் "ஆகட்டுங்க, ஆகட்டுங்க" என்று மரியாதையாகச் சொன்னார். எரிச்சலின் உச்சியில் இருந்தார் என்று அதிலேயே தெரிந்தது.

ஒருவழியாக டிரம் தெரிந்தது. மேஸ்திரி விசில் ஊதினார். ஆட்கள் நடைபாதைக்கு ஏறினார்கள். மழை அப்போதும் விடவில்லை. எதிரில் நிற்கிறவன் கறுப்புக் கோணியாகத்தான் தெரிந்தான். ஃபோர்மேன் கேபின் வாசலில் நின்று பெயர் கூப்பிட ஆரம்பித்தார். ஏழுமலை. இருக்கேங்க. கலியமூர்த்தி. இருக்கேங்க. ராமலிங்கம். இருக்கேங்க. தனவேல்.

"இருக்கேங்க." மெல்லிசாக வந்தது.

கடைசிப் பெயரும் முடிந்தது. சாவி என் கைக்கு வந்தது. சொருகித் திருப்பினேன். முதல் சைரன் அலறியது. வழக்கம்போல நான் வரிசையைப் பார்த்தேன். அண்ணன் வருகிற நாளில் எப்போதும் அப்படிப் பார்ப்பேன்; மற்ற கோணிகளுக்கு மேலே ஒரு கோணி துருத்திக்கொண்டு நிற்கும். பார்த்ததும் மனசு சமாதானமாகும். அன்று எல்லாக் கோணியும் ஒரே உயரமாக இருந்தது.

குனிந்திருப்பார் என்று நினைத்தேன். கால் வலித்து உட்கார்ந்திருப்பார். மழையில் சரியாகத் தெரியவில்லை. எத்தனை சமாதானம் சொல்லிக்கொண்டேன் என்கிறீர்கள்! குரல் வந்துவிட்டதே என்று ஒரு மனம். அந்தக் குரல் அவருடையது இல்லையே என்று இன்னொரு மனம். அவர் சேற்றிலிருந்து ஏறினாலும் ஏறாவிட்டாலும் கலியமூர்த்தி பழக்கத்தில் குரல் கொடுத்துவிடுவான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளாக அது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது சைரனும் ஓய்ந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"போடுப்பா" என்றார் சுப்பராயன்.

விரல் பட்டன்மேல் இருந்தது. நான் வாயைத் திறந்தால் தனவேல் டோக்கன் போகும். அண்ணன் வேலை போகும், கூட வந்த மூன்று குடும்பமும் தெருவுக்கு வரும். எனக்கும் கைக்குழந்தை இருந்தது. அண்ணன் வரிசையில்தான் எங்கோ நிற்கிறார் என்றால், நான் ஒன்றுமில்லாததற்கு இத்தனை பேரையும் காட்டிக் கொடுத்தவன் ஆவேன். வரிசையில் இல்லையென்றால்? அந்த டிரம் சுழல ஆரம்பித்தால் ஒரு மனுஷனை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

"சார், இன்னொரு தடவை பேர் கூப்பிடுங்க" என்றேன்.

"எதுக்குங்க?"

மரியாதை வந்துவிட்டது. எப்படியோ சொன்னேன்: "தனவேல்னு குரல் குடுத்தது தனவேல் இல்ல சார். அந்த இடத்துக்கு வந்த ஆளு இன்னும் மேல ஏறல."

ஒரு கேள்வி கேட்கவில்லை. என்னைத் தள்ளிவிட்டு முதலில் சாவியை உருவினார். கழுத்தில் மாட்டினார். ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தார். அப்புறம் மழையில் இறங்கி ஓடினார். நானும் ஓடினேன்.

டிரம்முக்குப் பின்பக்கம், யாருக்கும் தெரியாத மூலையில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். இடுப்புவரை சேறு. ஏறும்போது சரிவிலிருந்து ஒரு சேற்றுக் கட்டி இறங்கி அவரைப் பின்னாலிருந்து அமுக்கியிருக்கிறது. அசைய முடியவில்லை. தலைக்கு ஒரு சாண் மேலே பெல்ட். இரண்டு கையாலும் உருளைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறார்; மழையில் எவனுக்கும் கேட்கவில்லை. இரண்டு சைரனையும் கேட்டிருக்கிறார். எங்களைப் பார்த்ததும் ஒரு கையைச் சட்டத்திலிருந்து எடுத்து எங்கள் பக்கம் நீட்டினார்.

சுப்பராயன் பேண்ட்டோடு சேற்றில் குதித்தார். கேங் முழுக்கக் குதித்தது. கையால் பறித்தார்கள். வெளியே இழுத்துப் போட்டபோது அண்ணனின் ஒரு பூட்ஸ் உள்ளேயே தங்கிவிட்டது. கேபினுக்குத் தூக்கிவந்து உட்காரவைத்து டீ கொடுத்தோம். கலியமூர்த்தி வாசலில் மழையிலேயே நின்று தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

சுப்பராயன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணனுக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க பேரு என்னங்க?"

"தேவசகாயம். சென்ட்ரல் ஒர்க்‌ஷாப்பு."

"தனவேல் எங்கங்க?"

அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. மற்ற மூவர் பெயரைக் கேட்டபோது மட்டும் அது வேண்டாம் சார் என்றார். தான் ஏன் குரல் கொடுக்கவில்லை என்பதையும் அவரே சொன்னார். பொய் சொல்லக்கூடாது என்று இருந்துவிட்டேன் என்றார்.

சுப்பராயன் அவரையே பார்த்தார். "நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அந்தப் பொய்ய அன்னாடங்காச்சி ஒருத்தன் வாயில வச்சு அவனைச் சொல்ல விடுவீங்க. அப்படித்தானுங்களே?"

அண்ணன் தலை கவிழ்ந்தது. எனக்குச் சுப்பராயன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. செத்துப் பிழைத்தவனிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் அவர் சொன்னதில் பிழை இல்லை.

ரிப்போர்ட் எழுதினார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அண்ணனுக்கு சஸ்பென்ஷன். எனக்கு மெமோ. எங்களுக்கு வந்ததைத் தாங்கிக்கொள்ளலாம். தனவேல் டோக்கனும் கலியமூர்த்தி டோக்கனும் பிடுங்கப்பட்டன. ஒரு வீட்டைக் காப்பாற்றப் போய் இரண்டு வீட்டைக் கவிழ்த்துவிட்டோம் என்று என் மனைவி சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஷெட் வாசலுக்குப் போனேன். மேஸ்திரியின் காலில் விழுந்தாவது கலியமூர்த்தியை உள்ளே விடச் சொல்லலாம் என்று போனேன். அங்கே கேங் முழுவதும் ஷெட்டுக்கு எதிரில் மண்ணில் உட்கார்ந்திருந்தது. மேஸ்திரியின் தட்டிலிருந்து டோக்கன் எடுக்க யாரும் எழுந்திருக்கவில்லை. கொடியும் இல்லை, கோஷமும் இல்லை. அந்த இரண்டு டோக்கனையும் உரியவர்களுக்கே கொடு, நாங்கள் எங்களுடையதை எடுத்துக்கொள்கிறோம் என்று ஏழுமலை மட்டும் சொல்லியிருக்கிறான்.

மேஸ்திரி சிரித்தார். அவர் சிரிக்கலாம். வாசலில்தான் அத்தனை பேர் காத்துக்கிடக்கிறார்களே. தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "வேலை வோணுன்றவன் வந்து எடுத்துக்க" என்றார்.

கூட்டம் அசைந்தது. அவர்களைக் குற்றம் சொல்ல யாரால் முடியும்? எத்தனை நாளாகப் பட்டினியோடு வந்து வந்து திரும்பியவர்கள். கன்னம் ஒட்டிய ஒரு ஆள் முன்னால் வந்தான். கையை விட்டு ஒரு டோக்கனை எடுத்தான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"இது யாரு டோக்கனு?" என்று கேட்டான்.

"தனவேலுது. உனுக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்?"

அவன் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான். டோக்கனைத் தட்டில் திரும்பப் போட்டான். "காமாலைல கெடக்குறவன் டோக்கனு. எனுக்கு வோணாங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டான். அப்புறம் வேறு யாரும் முன்னால் வரவில்லை. அந்த ஆளின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்றும் அதற்கடுத்த நாட்களும் கேங் இறங்கவில்லை. மழை நிற்கவில்லை. பெல்ட்டுக்கு அடியில் சேறு ஏறி ஏறி ரப்பரை உரச ஆரம்பித்தது. சுப்பராயன் வந்து பார்த்தார். தன் கையாலேயே பெல்ட்டை நிறுத்திச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். கன்ட்ரோல் ரூமிலிருந்து கத்தினார்கள். "அடியில ஆள் இறங்காம இது ஓடாதுங்க. ஓட்டச் சொல்லி எழுத்துல குடுங்க, ஓட்டறேன்" என்றார். எவன் எழுதிக் கொடுப்பான்? அன்று மத்தியானமே காண்ட்ராக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

என் கேபினில்தான் பேச்சு நடந்தது. கெட்டுப்போன ஆட்கள், கேடி ஆட்கள் என்று காண்ட்ராக்டர் குதித்தார். சுப்பராயன் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "உடம்பு சரியில்லாத ஆளுக்கு லீவுன்னு எழுதி அவர் பேரை வச்சிருங்க. குணமாகி வர்ற வரைக்கும் வாசல்ல நிக்கிற ஒருத்தரை அவரோட சொந்தப் பேர்ல அனுப்புங்க. எனக்குப் பேர் சரியா இருக்கோணும். வேற ஒண்ணும் வேண்டியதில்லைங்க."

காண்ட்ராக்ட் ஆளுக்கு லீவா என்று காண்ட்ராக்டர் வாயைப் பிளந்தார். கேள்விப்படாத விஷயம்தான். ஆனால் மேலே தெர்மல் காத்துக்கொண்டிருந்தது. முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். கலியமூர்த்தியையும் சேர்த்துக்கொள்வதாயிற்று.

இவ்வளவு சின்ன விஷயம். லீவு கேட்பது. முழங்காலில் நின்று அழுது ஜெபித்த எங்களில் ஒருவனுக்கும் அதை வாய்விட்டுக் கேட்கத் தோன்றவில்லை பாருங்கள். உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்தோம், தைரியமாகப் போய்க் கேட்கத் தயாராக இல்லை. அதற்காக நாங்கள் செய்தது தப்பு என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். அண்ணன் அந்தச் சேற்றில் நிற்காமல் இருந்திருந்தால் அந்த ஆட்கள் மண்ணில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஆனால் அன்று காப்பாற்றியவர்கள் நாங்கள் இல்லை.

அந்த நாட்களுக்குக் கேங்குக்குக் கூலி கிடையாது. வெள்ளிக்கிழமை கை வெறுங்கையாகத்தான் இருக்கும் என்று தெரிந்து, எங்கள் பானைகளைக் கவிழ்த்து ஒரு மூட்டை அரிசி கட்டி, சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு மந்தாரக்குப்பம் போனோம். அண்ணனும் வந்தார். முதல் வீடு கலியமூர்த்தியுடையது. அவன் வெளியே போயிருந்தான். அவன் மனைவி அஞ்சலை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் மூட்டையைப் பார்த்த பார்வையிலேயே உள்ளே நிலவரம் தெரிந்தது.

அண்ணன் கை கூப்பினார். உங்கள் வீட்டுக்காரர் என்னால் கஷ்டப்பட்டுவிட்டார் என்று மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். அவள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

"ரெண்டு நாளு அடுப்பு எரியல. அதுக்கு இன்னாங்க இப்போ? எங்க பங்காளி வூட்டு ஆளுக்கோசரம் நீங்க இடுப்புமட்டும் சேத்துல நின்னுகினு இருந்தீங்களே."

மூட்டையை வாங்கி உள்ளே வைத்தாள். நாங்கள் சைக்கிளைத் திருப்பினோம். விடவில்லை. சாப்பிடாமல் போகக்கூடாது என்று வழியை மறித்துக்கொண்டாள். நாங்கள் கொண்டுபோன அரிசியைக் களைந்து உலையில் போட்டு, கஞ்சி காய்ச்சி, கருவாடு சுட்டு, முதல் தட்டு பிள்ளைகளுக்கு, அடுத்தது எங்களுக்கு என்று வைத்தாள். கீழே வரிசையாக உட்கார்ந்தோம். அண்ணனுக்கு வழக்கம் உண்டு, ஜெபிக்காமல் சோற்றில் கை வைக்க மாட்டார். கண்ணை மூடினார். வெகுநேரம் வார்த்தை வரவில்லை.

"இன்னாங்க, சாமி கும்புடலியா? கஞ்சி ஆறுது" என்றாள் அஞ்சலை.

"நீயே சொல்லும்மா" என்றார் அண்ணன்.

"எனுக்கு உங்க சாமிகிட்ட இன்னா கேக்கறதுன்னு தெரியாதுங்க."

"உனக்கு வேண்டியதைக் கேளு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். எங்களைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

"சாமி, எல்லாருக்கும் வேல இருக்கணும். அவங்கவங்க அவங்கவங்க பேர்லயே வேலக்கி போயிட்டு வூட்டுக்கு வரணும்."

எங்களுக்கு அழுகை அடங்கவில்லை. எல்லாரும் சேர்ந்து ஆமென் சொன்னோம். பிள்ளைகள் அதற்குள் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.